நேர்ந்துவிட்ட கிடாயும் இருபத்தெட்டு நெற்றிகளும்

என் மகள் லண்டனிலிருந்து நேபாளத்துக்குச் சுற்றுலா போயிருக்கிறாள். போன கிழமை நான் கோப்பாய் வீட்டு விறாந்தையில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தபோது ஒரு வீடியோ வந்து விழுந்தது. தெரு நிறையச் சனம். எல்லோருடைய நெற்றியிலும் சிவப்பாக, சோற்றை அப்பியதுபோல ஏதோ ஒட்டியிருந்தது. காதுக்குப் பின்னால் நீளமான மஞ்சள் புல். பின்னணியில் அவளுடைய குரல்: “அம்மா, உவையள் என்னத்தைக் காதிலை செருகிக்கொண்டு திரியினம்? கேட்டால் சிரிக்கினமே ஒழிய விளக்கமாய்ச் சொல்லினமில்லை.”

நான் ஒற்றை விரலால் தட்டித் தட்டிப் பதில் எழுதினேன். அது ஜமரா. பார்லி முளை. ஒன்பது நாள் இருட்டில் வைத்து வளர்ப்பார்கள், வெயில் படாதபடியால்தான் மஞ்சள். நெற்றியில் இருப்பது அரிசியும் தயிரும் குங்குமமும் குழைத்தது. பத்தாம் நாள் பெரியவர்கள் சின்னவர்களுக்கு வைத்து வாழ்த்துவது.

உடனே அழைத்துவிட்டாள். “உங்களுக்கு என்னண்டு தெரியும்? கொழும்புக்குப் போறதெண்டாலே தலையிடியெண்டு படுக்கிற ஆள் நீங்கள்.”

அவள் சொன்னது உண்மைதான். பஸ் ஏறினால் எனக்கு வயிற்றைப் புரட்டும். நான் எங்கேயும் போகவில்லை. நேபாளம்தான் ஒருமுறை எங்கள் ஒழுங்கைக்கு வந்தது, தோளில் துவக்கோடும் இடுப்பில் வளைந்த கத்தியோடும். மகளிடம் “ஆரோ சொல்லிக் கேட்டது” என்று மழுப்பிவிட்டு வைத்துவிட்டேன். உங்களிடம் மழுப்ப ஒன்றுமில்லை.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஊர்க் கூட்டுறவுச் சங்கக்கடையில் விற்பனையாளராகச் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், இங்கிலீஷ் பொழிந்து தள்ளுவாள் என்று ஊரில் எனக்கொரு பெயர். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் எவ்வளவு என்பது எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். ரயில் நிலையத்தில் வழி கேட்கிற பாடம் முழுவதும் மனப்பாடம். எங்கள் ஒழுங்கையில் அது ஒருநாளும் உதவவில்லை.

ஒழுங்கை முகப்பில் ஒரு டொக்டரின் மாடிவீடு இருந்தது. டொக்டர் குடும்பத்தோடு வெளிநாடு போய்விட, அந்த வீட்டைச் சுற்றி மண்மூட்டை அடுக்கி, முள்ளுக்கம்பி இழுத்து, முகாமாக்கிவிட்டார்கள். எந்தப் படை, எந்த ஆண்டு என்பதெல்லாம் எங்கள் பக்கத்து ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. தெரியாதவர்களுக்கும் கதையில் குறை வராது. அங்கே இருந்தவர்கள் கூர்க்காக்கள், நேபாளத்து மலைகளில் பிறந்து இன்னொரு நாட்டுக்காகத் துவக்குத் தூக்கியவர்கள். இருபத்தெட்டுப் பேர். வாசலில் இருந்த சென்றிக் காவலரணுக்கு நூறு யார் தூரம் முன்பே சைக்கிளை விட்டு இறங்கி உருட்டவேண்டும். நான் தினம் இரண்டு தரம் உருட்டினேன்.

அவர்களுடைய கத்தியைப் பற்றி ஊரில் ஒரு கதை உலவியது. உறையிலிருந்து உருவினால் இரத்தம் காணாமல் திரும்ப உள்ளே போகாதாம். தவறி உருவினால் தங்கள் விரலையே கீறிவிட்டுத்தான் வைப்பார்களாம். சீனி வாங்க வரிசையில் நின்ற சனம் இதைச் சொல்லிச் சொல்லி நடுங்கியது, நானும் சேர்ந்து நடுங்கினேன். பிறகு ஒருநாள் ஒருவன் அதே கத்தியால் இளநீர் சீவிக் குடித்துவிட்டு, காற்சட்டையில் துடைத்து, சாதாரணமாக உறையில் போட்டதைக் கண்டேன். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தது.

அவன்தான் மான் பகதூர். ஹவில்தார். முப்பது வயதிருக்கும். முன்பு நீலகிரிப் பக்கம் மூன்று வருடம் வேலை செய்தவனாம், அதனால் அவனிடம் ஒரு தமிழ் இருந்தது. எங்கள் தமிழ் இல்லை, தேயிலைத் தோட்டத்துக் கடைத் தெருவில் பொறுக்கிய தமிழ். புரட்டாதி முடிகிற நேரம் ஒருநாள் சங்கக்கடைக்குள் துவக்கோடு நுழைந்தான். வரிசை இரண்டாகப் பிளந்து சுவரோடு ஒட்டியது.

“அக்கா, பார்லி இருக்கா?”

சலக்கடுப்புக்குக் காய்ச்சிக் குடிப்பார்களே, அந்தப் பைக்கற்றுப் பார்லி இருந்தது. கூர்க்காவுக்கும் சலக்கடுப்பு வருமா என்று யோசித்தபடி இரண்டு பைக்கற் கொடுத்தேன். மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தான். உள்ளங்கையில் புளித்த மணத்தோடு ஒரு கூழ் உருண்டை. “முளைக்கல அக்கா. செத்த வெத.”

தோல் தீட்டிய பார்லி எப்படி முளைக்கும்? எங்களுக்கு நவராத்திரி வருகிற அதே ஒன்பது நாட்களில் அவர்களுக்குத் தசைன் என்ற பெருநாள் என்றும், துர்க்கைக்குக் கும்பம் வைத்துச் சுற்றிலும் பார்லி விதைக்கவேண்டும் என்றும் கைச்சாடையும் தமிழுமாகச் சொன்னான். வீட்டில் அம்மாவிடம் சொன்னேன். அம்மாவும் கும்பத்துக்கு நவதானியம் விதைக்கிற ஆள். “உவங்களும் எங்களைப்போலத்தான் வைக்கிறாங்களோ?” என்று கொஞ்ச நேரம் மோவாயைத் தடவினா. பிறகு ஒரு சரையில் நெல்லும் சோளமும் சுற்றித் தந்து, “பார்லி இல்லாட்டி இதைப் போடச் சொல்லு. துர்க்கை வேண்டாமெண்டா சொல்லப்போறா” என்றா.

இப்படித்தான் அவன் எங்கள் படலைக்குள் வந்தான். ரோந்து போகிற சாட்டில் வந்து நன்றி சொன்னான். சட்டைப் பையிலிருந்து ஒரு படம் காட்டினான். மீன்வால் மாதிரி இரண்டாகப் பிளந்த பனிமலை. அதன்மேல் யாரும் கால் வைக்கக்கூடாதாம், சிவன் இருக்கிறாராம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுப் படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினா. அவனுடைய தாயின் ஊர்க் காட்டில் உருத்திராட்ச மரங்கள் நிற்கின்றனவாம், பழம் நல்ல நீலமாம், சின்ன வயதில் பழத்தைச் சூப்பிவிட்டுக் கொட்டையை எறிவார்களாம். “எறியிறதோ?” என்று அம்மா நெஞ்சில் கை வைத்தா. நாங்கள் அதே கொட்டையைப் பொன்னில் கட்டிக் கழுத்தில் போடுகிறவர்கள் அல்லவா.

அப்போதுதான் அவன் மாட்டுக்கொட்டிலடியில் நின்ற கிடாயைக் கண்டான்.

கிடாயைப் பற்றிச் சொல்லாமல் மேலே போகமுடியாது. அதற்கு முந்திய வருடம் அண்ணைக்குச் செங்கமாரி வந்து கண்ணெல்லாம் மஞ்சளாகி, ஆள் தப்பமாட்டார் என்று பெரியாஸ்பத்திரியில் கைவிரித்தார்கள். அம்மா வைரவர் கோயிலில் வருடாவருடம் கிடாய் வெட்டுகிற வேள்விக்கு ஒன்று நேர்ந்தா. அண்ணை தப்பினார். அம்மா குட்டியாக வாங்கி, பலாவிலையும் உழுத்தங்கோதும் கஞ்சியுமாகக் கொடுத்து, ஒரு வெள்ளை மயிர்கூட இல்லாத கறுப்புக் கிடாயாக வளர்த்திருந்தா. அதன் மொச்சை மணம் தெருவுக்கே வரும். அண்ணை கணக்கு ரியூசன் கொடுக்கிறவர், மெலிந்த, பயந்த பிறவி. தன் உயிருக்கு ஈடாக நிற்கிற அந்தக் கிடாய்க்குக் குழை போடப் போனால்கூட, முட்டும் என்று வேலிக்கு வெளியே நின்று எறிவார். நான் அதற்காக அவரைப் பழித்த பழிப்புக் கொஞ்சமில்லை.

“இந்த ஆடு குடு அம்மா. தசைனுக்கு வேணும்,” என்றான் மான் பகதூர்.

“அது வைரவருக்கு நேர்ந்தது, தம்பி. குடுக்கேலாது.”

நேர்ந்தது என்ற சொல் அவனுக்கு விளங்கவில்லை. நான் கோயில் பக்கம் கை காட்டி, கும்பிட்டு, கழுத்தில் வெட்டிக் காட்டினேன். அவன் துவக்கை மற்றத் தோளுக்கு மாற்றிவிட்டுக் கிடாயைப் பார்த்துக் கைகூப்பினான். “சாமி ஆடு. மன்னிச்சுக்கோ,” என்று சொல்லிவிட்டுப் போனான். அம்மாவுக்கு அவன்மேல் ஒரு மரியாதை வந்தது அன்றுதான்.

கும்பம் வைத்த நாலாம் நாள் காலையில் சுற்றிவளைத்தார்கள். பதினைந்திலிருந்து நாற்பது வயது வரை எல்லா ஆண்களையும் கோயில் வீதி மணலில் வெயிலில் இருத்தினார்கள். ஜீப்புக்குள் சாக்கால் முகத்தை மூடிய ஒருவன். ஒவ்வொருவராக அவன் முன்னால் நடக்கவேண்டும், அவன் தலையாட்டினால் போச்சு. அண்ணை நடந்தபோது அந்தச் சாக்கு ஆடியது. ஏன் ஆடியது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. ரியூசனில் யாருக்கோ புள்ளி குறைத்துப் போட்டாரோ என்னவோ. அண்ணை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். துவக்குப் பிடியால் காதோடு சேர்த்து அடித்தார்கள். விழுந்தவரைக் காலில் பிடித்து இழுத்துப்போனார்கள். மணலில் ஒரு கோடு முகாம் வரைக்கும் கிடந்தது.

நாலு நாள் அம்மா முகாமுக்கு எதிரே பூவரசுக்குக் கீழே இருந்தா. நானும் கடைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் இருந்தேன். காலை ஒன்பது மணிக்குப் பிறகு மாடியிலிருந்து சத்தம் வரும். எத்தனை பேருடைய சத்தம் என்று பிரிக்கமுடியாது. அம்மா மட்டும் அண்ணையின் குரலைப் பிரித்துவிடுவா. அது கேட்கும்போது மண்ணை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளுவா. மான் பகதூர் எங்களைப் பார்க்காமல் உள்ளே போய் வந்தான். ஏழாம் நாள் மட்டும் என்னருகே வந்து, சப்பாத்துக் கயிற்றைக் கட்டுகிறவன் மாதிரிக் குனிந்து சொன்னான்.

“பதினோராம் நாள் லாரி வரும். பெரிய காம்ப். அங்கே போனா பேர் இல்லை அக்கா, நம்பர் மட்டும்.”

அம்மாவிடம் சொன்னேன். அழவில்லை. “அவங்களுக்குக் கிடாய் கிடைச்சுதோ?” என்றுதான் கேட்டா. கிடைக்கவில்லை. எருமைக் கடா தேடி அலைந்தார்கள், இல்லை. சந்தையில் பிடித்து வந்த ஆட்டுக்குக் கொம்பு முறிந்திருந்ததால் துர்க்கைக்கு ஆகாது என்று விட்டுவிட்டார்கள்.

எட்டாம் நாள் காலை அம்மா கிடாயைக் குளிப்பாட்டினா. கழுத்தில் செவ்வரத்தை மாலை போட்டா. போகிற வழியில் வைரவர் கோயிலடியில் நின்று ஏதோ முணுமுணுத்தா. கும்பிட்டதா, கோவித்ததா என்று எனக்கு விளங்கவில்லை. முகாம் வாசலில் சுபேதார் வந்தார். நரைத்த மீசை, தாடை இறுகிய ஆள், அங்கே அவர் சொல்தான் சட்டம். மான் பகதூர் மொழிபெயர்த்தான்.

“இது என்ரை பிள்ளையின்ரை உயிருக்கு நேர்ந்தது,” என்றா அம்மா. “நேர்ந்தவள் நான். ஆருக்கு வெட்டுறதெண்டும் நான்தான் சொல்லவேணும். உங்கடை துர்க்கை அம்மாளுக்குத் தாறன். என்ரை பிள்ளையைத் தாங்கோ.”

சுபேதார் நெடுநேரம் கிடாயைப் பார்த்தார். பிறகு இரண்டு வசனம் சொன்னார்.

“சாமிகிட்ட பேரம் கூடாதுன்னு ஐயா சொல்றாரு. ஆடு குடுத்தா குடு. ஆள் வேற விஷயம்.”

அம்மா கயிற்றை வாசல் தூணில் கட்டினா. “சரி, அப்ப சும்மா தாறன் எண்டு சொல்லு.” திரும்பி நடக்கும்போது என்னிடம் பல்லைக் கடித்துக்கொண்டு, “சும்மா ஆர் குடுக்கிறது,” என்றா.

ஒன்பதாம் நாள் எங்களையும் வரச் சொல்லியிருந்தார்கள். ஆடு கொடுத்த வீட்டார் நிற்கவேண்டுமாம், எங்கள் வேள்வியிலும் அப்படித்தான். டொக்டரின் ரோசாப் பாத்தி இருந்த இடத்தில் ஒரு மரத்தூண் நட்டிருந்தது. துவக்குகளை வரிசையாகச் சாத்தி, குழலுக்குக் குங்குமம் வைத்து, பூச் சொருகியிருந்தார்கள். நாங்கள் ஆயுதபூசைக்குக் கொப்பிக்கும் அரிவாளுக்கும் வைக்கிற அதே பொட்டு. அந்தத் துவக்குகளில் ஒன்றுதான் அண்ணையின் காதில் இறங்கியது. எது என்று தேடிக்கொண்டு நின்றேன்.

கிடாயின் தலையில் தண்ணீரும் அரிசியும் தெளித்தார்கள். அது உடம்பைச் சிலிர்த்தால் சம்மதம், சிலிர்க்காவிட்டால் வெட்டக்கூடாது. இதுவும் இரண்டு ஊருக்கும் பொது. கிடாய் சிலிர்க்கவில்லை. இன்னொரு முறை தெளித்தார்கள். சும்மா நின்று அசைபோட்டது. மூன்றாம் முறையும் அப்படியே. சுபேதாரின் முகம் கறுத்தது. “விட்டுடலாம்னு சொல்றாரு,” என்று மான் பகதூர் மெல்லச் சொன்னான். அவனுக்கு அது நிம்மதியாக இருந்ததுபோல எனக்குப் பட்டது.

அம்மா விறுக்கென்று முன்னால் போனா. “நில்லுங்கோ, என்ரை கையாலை தெளிக்கிறன்.” தண்ணீர்ச் செம்பை வாங்கினா. ஒரு கையால் தெளித்தா. மற்றக் கையால் கிடாயின் இடது காதுக்குப் பின்னால், கொம்படியில், நகத்தால் ஒரு சுரண்டு சுரண்டினா. அந்த இடத்தில் சுரண்டினால் அது தலையிலிருந்து வால் வரை உதறும், குட்டியிலிருந்தே அப்படி. உதறியது. இருபத்தெட்டுப் பேரும் ஒன்றாகக் குரல் கொடுத்தார்கள். என்ன நடந்தது என்பது எனக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

ஒரே வெட்டு. அதுதான் அவர்களுடைய வழக்கம். தலை ஒரே வெட்டில் விழுந்தால் அந்தப் படைக்கு வருடம் முழுவதும் நல்லது. விழாவிட்டால் கெடுதி, அந்த வருடத்துக்குள் சாவு நிச்சயம் என்று நம்புகிறவர்கள். அந்த வருடம் வெட்டும் முறை மான் பகதூருக்கு. பெரிய கத்தியை இரண்டு கையாலும் உயர்த்தினான். கத்தி இறங்குகிற கணத்தில் கிடாய் தலையைத் திருப்பி அம்மாவைப் பார்த்தது.

கத்தி கொம்படி எலும்பில் போய் விழுந்தது. கிடாய் கத்திய கத்தல் குழந்தை வீரிடுவதுபோல இருந்தது. முன்னங்கால் மடிய, தலை ஒருபக்கம் சரிய, எழும்பி ஓடப் பார்த்தது. இரத்தம் துவக்குகளின்மேலும் எங்கள் பாவாடை, சேலைமேலும் அடித்தது. இரண்டாம் வெட்டில்தான் விழுந்தது.  சுபேதார் நடந்து வந்து, அந்தக் கழுத்துக்குள் கையை விட்டு, இரத்தத்தை அள்ளி மான் பகதூரின் முகம் முழுக்கப் பூசினார். பிழைவிட்டவனுக்கு அதுதான் தண்டனை. அவன் கண்ணை மூடவில்லை. இரத்தத்துக்குள்ளால் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

வீட்டுக்கு வந்த அம்மா கிணற்றடியிலேயே இருந்துவிட்டா. “வாயில்லாச் சீவனைக் கொண்டு ஓமெண்டு சொல்லுவிச்சுப்போட்டன்,” என்றா. “இனி அவங்கள் என்ரை பிள்ளையை விடமாட்டாங்கள்.” எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கெட்டுப்போன பூசைக்கு அவர்கள் யாரிலாவது கோபத்தைக் காட்டவேண்டாமா.

பத்தாம் நாள், எங்கள் கோயில்களில் சூரனென்று சொல்லி வாழை வெட்டுகிற நாள், இரண்டு பேர் துவக்கோடு வந்து அம்மாவைக் கூப்பிட்டார்கள். நான் அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு போனேன், இருபத்திரண்டு வயதில். முற்றத்தில் எல்லோரும் வரிசையில் நின்றார்கள். ஒரு தட்டில் குங்குமம் குழைத்த அரிசி. பக்கத்தில் வெடிமருந்துப் பெட்டிக்குள் வளர்ந்த முளை. அம்மா கொடுத்த நெல்லும் சோளமும்தான், இருட்டில் நின்று மஞ்சளாக நீண்டிருந்தது.

சுபேதார் தலையைக் குனிந்துகொண்டு பேசினார். மான் பகதூரின் முகத்தில் காதோரம் இன்னும் காய்ந்த இரத்தம் இருந்தது.

“வருஷம் கெட்டுப்போச்சு அம்மா. இன்னிக்குப் பெரியவங்க கையால பொட்டு வச்சா, வாழ்த்தினா, கெட்டது போகும். எங்க அம்மா எல்லாம் ரொம்ப தூரம். இங்க நீதான் அம்மா. எல்லாருக்கும் வைக்கச் சொல்றாரு.”

அம்மா தட்டைப் பார்த்தா. இருபத்தெட்டு நெற்றிகளைப் பார்த்தா. “வைக்கிறன்,” என்றா. “முதல் பொட்டு என்ரை பிள்ளைக்கு. அவனைக் கொண்டுவந்து இந்த வரிசையிலை நிப்பாட்டச் சொல்லு. பிறகு வைக்கிறன்.”

மான் பகதூர் அதை மொழிபெயர்க்கவில்லை. சுபேதாரின் காலடியில் முழந்தாளிட்டு வேறு ஏதோ சொன்னான். எவ்வளவோ நேரம் சொன்னான். கடைசியில் சுபேதார் கையை அசைத்தார்.

அண்ணையை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். ஒரு கண் முழுக்க மூடியிருந்தது. விரல் நகங்கள் இருந்த இடத்தை நான் பார்க்காமல் விட்டிருக்கலாம். அம்மா அவருடைய நெற்றியில் பொட்டை வைத்து, “நூறு வயசு இரு, ராசா,” என்றா. பிறகு அதே கையால், அதே சொல்லைச் சொல்லி, ஒவ்வொருவனுக்கும் வைத்தா. அண்ணையை அடித்தவனும் அதில் நின்றிருப்பான். அம்மா ஒருவனையும் தவிர்க்கவில்லை. எனக்கு அவவில் அப்படி ஒரு கோபம் வந்தது, இன்றைக்கும் அது கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

கடைசியாக மான் பகதூர். அம்மா சொல்வதன் அர்த்தம் என்ன என்று கேட்டான். சொன்னேன். சிரித்தான். “நூறு ரொம்ப ஜாஸ்தி. வூட்டுக்குப் போனா போதும், அம்மா,” என்று குனிந்து காலைத் தொட்டான். அம்மா கொஞ்ச முளையைப் பிடுங்கி அவன் காதில் செருகினா.

அண்ணையைச் சைக்கிளில் இருத்தி உருட்டிக்கொண்டு வந்தோம். சென்றியில் ஒருவரும் மறிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்ன முதல் சொல், “தண்ணி அள்ளித் தா”. நெற்றியைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார், தோல் உரிந்து இரத்தம் கசியும்வரை. மூன்று கிழமை ஒருவரோடும் கதைக்கவில்லை. நாலாம் கிழமை ரியூசனுக்கு என்று போனவர் திரும்பவில்லை. சைக்கிள் வைரவர் கோயில் மதிலோடு சாத்திக் கிடந்தது. இயக்கத்துக்குப் போய்விட்டார். கிடாய்க்குப் பயந்த என் அண்ணை.

கார்த்திகை மழை விட்ட ஒரு காலையில் சங்கக்கடைக் கதவைத் திறந்துகொண்டிருந்தேன். சத்தம் காதில் கேட்கவில்லை, காலில்தான் கேட்டது. சந்தி மதகடியில் கறுப்பாகப் புகை எழும்பியது. எல்லோரும் எதிர்ப்பக்கம் ஓட, நான் ஏன் அந்தப் பக்கம் ஓடினேன் என்று தெரியாது. கண்ணிவெடியில் சிக்கிய முகாம் லொறி தலைகீழாக எரிந்தது. வேலிப் பூவரசில் துணியும் சதையும் தொங்கின. ஐந்து பேர். ஒருவன் தார் றோட்டில் மல்லாந்து கிடந்தான், இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. மான் பகதூர். வாய் அசைந்தது. கிட்டப் போகுமுன் அசைவு நின்றுவிட்டது.

பிறகு முகாமிலிருந்து சுடத் தொடங்கினார்கள். மத்தியானம்வரை சுட்டார்கள். நானும் அம்மாவும் கிணற்றுக்கட்டுக்குப் பின்னால் குப்புறக் கிடந்தோம். கிடுகு வேலியெல்லாம் சல்லடையாகிவிட்டது. முன்வீட்டு மனுசி குசினிக்குள் புட்டவித்தபடியே போய்ச் சேர்ந்தா. மான் பகதூரும் அந்த ஐந்து பேரில் ஒருவன் என்று அம்மாவுக்குச் சொன்னேன். அவ தன் வலது கையை விரித்துப் பார்த்துக்கொண்டு கிடந்தா.

பத்து நாள் கழித்து, வெயில் உச்சியில் நிற்கும்போது, வாழைத் தோட்டத்துப் பின்பக்கத்தால் அண்ணை வந்தார். தாடி வைத்திருந்தார். பழைய பயந்த பார்வை போயிருந்தது. அம்மா சோறு போட்டா. அவர் சாப்பிட்டுக் கை கழுவியபிறகுதான் கேட்டா.

“மதகடியிலை ஆர், தம்பி?”

“நான்தான் அம்மா.”

“அவனும் வாறானெண்டு தெரியுமோ?”

அண்ணை என்னைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்தார். “ஓம். கண்டனான்.”

அம்மா சோற்றுக்கோப்பையை எடுத்து வைத்தா. அண்ணை போக எழும்பினார். சுவாமியறை வாசலில் வந்து, பள்ளிக்கூடம் போகிற காலத்திலிருந்து செய்கிறதுபோல, அம்மாவுக்கு முன்னால் குனிந்து நெற்றியைக் காட்டினார். பனையோலைத் திருநீற்றுக் குட்டான் அம்மாவின் கைக்கு எட்டுகிற தூரத்தில் தொங்கியது. அம்மா கையைச் சேலைத் தலைப்புக்குள் சுற்றிக்கொண்டா. அண்ணை குனிந்தபடியே நின்றார். “வையுங்கோ அம்மா,” என்று நான் சொன்னேன். அவ வைக்கவில்லை. எவ்வளவு நேரம் நின்றார் என்று தெரியாது. பிறகு நிமிராமலே திரும்பி வாழைக்குள் போனார்.

மாசி மாதம் செய்தி வந்தது. உடல் வரவில்லை.

அம்மா அதற்குப் பிறகு இருபத்தாறு வருடம் இருந்தா. ஒருவருடைய நெற்றியிலும் கை வைக்கவில்லை. என் கலியாணத்தன்று நானும் என் கணவரும் காலில் விழுந்து எழும்பியபோதும் கையைக் கட்டிக்கொண்டு நின்றா. பெண் வீட்டாருக்கு இவ்வளவு தடிப்போ என்று மாப்பிள்ளை வீட்டில் முகம் சுளித்தார்கள். ஒருமுறை மட்டும் வாய்விட்டுச் சொன்னா: “வைச்சதும் ஒண்டுதான் பிள்ளை, வைக்காததும் ஒண்டுதான்.” நான் அதை நம்பவில்லை, அவவும் நம்பியிருக்கமாட்டா. வைக்காததை நினைத்துத்தான் அவ சாகும்வரை சரியாகச் சாப்பிடவில்லை.

டொக்டரின் வீட்டை இடித்து இப்போது கலியாண மண்டபம் கட்டியிருக்கிறார்கள். ரோசாப் பாத்தி இருந்த இடத்தில் வாகனங்கள் நிற்கின்றன. மதகை அகலமாக்கித் தார் ஊற்றிவிட்டார்கள், பள்ளிப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் அதன்மேல் பறக்கிறார்கள். வைரவருக்கு வேள்வி இல்லை, தடை வந்தபிறகு நீற்றுப்பூசணிக்காயை வெட்டிக் குங்குமம் பூசிவிட்டுப் பொங்கல் வைக்கிறார்கள். எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை. சங்கக்கடையும் பூட்டியாயிற்று. ஊரோடு இடம்பெயர்ந்த வருடம் பெட்டிகளை விட்டுவிட்டு ஓடியதில் அண்ணையின் படங்கள் எல்லாம் போய்விட்டன. ஒன்றுகூட மிஞ்சவில்லை. நான் எவ்வளவு முயன்று பார்த்தாலும் அவருடைய முகம் எனக்கு வருவதில்லை. எண்ணெய் வைக்காமல் செம்பட்டையான தலைமயிர், நடுவில் கோணல் வகிடு, கழுத்தில் வியர்வை, இவ்வளவுதான் வருகின்றன. அவர் இன்னும் குனிந்துகொண்டுதான் நிற்கிறார்.